குதிரை நொண்டினால் முதலில் குளம்பைத் தூக்குங்கள்

கால்நடை டாக்டர் பதில்கள்

கேள்வி: கொடைக்கானலில் சவாரிக்கு மட்டக்குதிரை வைத்திருக்கிறேன். முந்தின நாள் வரை நன்றாக இருந்தது. காலையில் பார்த்தால் முன்னங்கால் ஒன்றை ஊன்றவே இல்லை. தோள்பட்டை பிசகியிருக்கும் என்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவியும் குறையவில்லை. லாடம் கட்டி நாலைந்து நாள்தான் ஆகிறது.

பதில்: தம்பி, கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். நொண்டும் குதிரை எதைக் கொண்டுவந்தாலும் உடையவர் கை தோள்பட்டைக்குத்தான் போகிறது. கோளாறு பெரும்பாலும் குளம்பில் இருக்கும். உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள் சுமப்பதால் நொண்டலும் அங்கேதான் அதிகம்.

குளம்பைத் தொட்டுப் பாருங்கள். மற்றக் குளம்பைவிடச் சூடாக இருக்கிறதா? பிறகு குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்பக்கம், இரண்டு ஓரத்திலும் விரலை வைத்து நாடி பாருங்கள். நல்ல காலில் நாடியைத் தேட வேண்டியிருக்கும். சீழ் கட்டிய காலில் விரலுக்கடியில் திம் திம் என்று அடிக்கும். ஆணி உயிர்ச்சதையை ஒட்டி இறங்கியிருந்தால் இப்படி ஆகும். குளம்பு ஓடு விரிந்து கொடுக்காது, உள்ளே சீழ் அழுத்த அழுத்த வலி உயிர் போகும். எலும்பு முறிந்ததுபோலக் குதிரை மூன்று காலில் நிற்பது அதனால்தான்.

லாடக்காரரையும் டாக்டரையும் ஒன்றாக வரவழையுங்கள். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது குற்றவாளி ஆணியின் துளையில் கறுப்பாக, நாற்றத்தோடு நீர் கசியும். சீழ் வடிய வழி கிடைத்தால் போதும், அடிக்குளம்பைக் கிணறு தோண்டுவதுபோல் தோண்டாதீர்கள். பிறகு எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் காலை ஊற வைத்து, அயோடின் நனைத்த பஞ்சு வைத்துக் கட்டுங்கள். மேலே குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரைச் சுற்றி, அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். சிரிக்காதீர்கள், சேற்றிலும் நிற்கும் கட்டு அது. டெட்டனஸ் தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். அந்த நோய் குதிரையைப் பிடிப்பதுபோல வேறு கால்நடையைப் பிடிப்பதில்லை.

கேள்வி: வண்டிப் பந்தயத்தில் எங்கள் நடுக்குதிரை தார் ரோட்டில் முட்டி போட்டு விழுந்தது. காயம் சின்னதுதான். ஆனால் மஞ்சளாக, எண்ணெய்போல் ஏதோ வடிகிறது. மஞ்சள்தூள் அப்பியிருக்கிறோம்.

பதில்: இதழ் அச்சாகி வரும்வரை காக்கிற விஷயமில்லை என்பதால் உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். விரலில் தொட்டு இழுத்தால் நூலாக நீளும் அந்த மஞ்சள் நீர், மூட்டுக்குள் இருக்கும் வழுவழு நீர். அது வெளியே வருகிறதென்றால் ரோட்டு மண்ணும் கிருமியும் உள்ளே போகவும் வழி திறந்திருக்கிறது. மூட்டுக்குள் கிருமி தங்கினால் குருத்தெலும்பை அரித்துவிடும். அரித்தது திரும்ப முளைக்காது.

மூட்டின் மேல் விழுந்த கட்டைவிரல் அகலக் காயம், தொடையில் விழுந்த சாண் நீளக் கிழிசலைவிட ஆபத்து. தூள், சுண்ணாம்பு, வண்டி ஆயில் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக் கட்டி அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருந்தால் நேரே அங்கே போங்கள். மூட்டுக்குள் ஊசி போட்டுக் கிருமியற்ற சலைனைப் பாய்ச்சிக் கழுவுவார்கள், ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். முதல் சில மணி நேரத்தில் செய்தால் பிழைக்கும் மூட்டு, மூன்றாம் நாள் செய்தால் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துவிடும். முதல் நாள் நன்றாக நடந்தது, அதனால் விட்டுவிட்டோம் என்பார்கள். நீர் வெளியே வடியும்வரை உள்ளே அழுத்தம் ஏறாது, அதனால்தான் நடக்கிறது. காயம் மூடிக்கொண்ட பிறகுதான் நொண்டல் தெரியும்.

கேள்வி: லேசான நொண்டல்தான். பந்தயத்தன்று மட்டும் வலி ஊசி போட்டு ஓட்டலாமா? மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கிடைக்கிறதே?

பதில்: கூடாது. நோகிறது என்று சொல்லும் வாயைக் கட்டிவிட்டு அதே காலை ரோட்டில் அடிக்க விட்டால், லேசாகக் கிழிந்தது முழுக்கக் கிழியும். அன்றைக்குப் பரிசு வாங்கலாம், குதிரை மிஞ்சாது. நோயோ காயமோ உள்ள பிராணியை வேலை வாங்குவது 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்குப் பயன்படுத்த 2006-லேயே தடை வந்துவிட்டது. அந்த மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செத்து மடிந்தன. மிச்சம் இருப்பவற்றில் சில நம் மோயாறு பள்ளத்தாக்கில்தான் பறக்கின்றன. 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அதே பட்டியலில் சேர்ந்தன. குதிரைக்கு வலி மருந்து தேவைப்பட்டால் வேறு இருக்கிறது, டாக்டர் எடை பார்த்துக் கொடுப்பார். அளவு மீறினால் குடலும் வயிறும் புண்ணாகிவிடும்.

கேள்வி: முன்னங்கால் பின்நரம்பு வில்போல் வீங்கிவிட்டது. சூடு போட்டால் இறுகும் என்கிறார்களே?

பதில்: நீங்கள் நரம்பு என்பது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். சூட்டுக்கோல் வைத்தியம் நம்மூரில் மட்டுமல்ல, இங்கிலாந்திலும் வெகுகாலம் நடந்தது. 1983-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, சூட்டினால் தசைநாண் ஆறுவதில் பலன் ஏதும் கூடவில்லை என்று எழுதினார்கள். பிறகு ஏன் சூடு போட்ட குதிரைகள் குணமானதாகச் சொல்கிறார்கள்? புண் ஆறும்வரை மாதக்கணக்கில் கட்டிப்போட்டார்கள். ஓய்வு செய்த வேலைக்குச் சூட்டுக்கோல் பெயர் வாங்கிக்கொண்டது.

முதல் இரண்டு மூன்று நாள் பச்சைத்தண்ணீரை ஹோஸில் இருபது நிமிடம், தினம் மூன்று நான்கு தடவை அடியுங்கள். ஸ்கேன் எடுங்கள். பிறகு கையில் பிடித்து நடை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். வீக்கம் வடிந்ததும் ஓட்டினால் மறுபடி அங்கேயே அறும்.

கேள்வி: மனிதனுக்குக் கால் முறிந்தால் மாவுக்கட்டு, குதிரைக்கு மட்டும் ஏன் கருணைக்கொலை?

பதில்: குதிரையை வாரக்கணக்கில் படுக்க வைக்க முடியாது, மற்ற மூன்று கால்கள் எடையைச் சுமந்தாக வேண்டும் என்பதுதான் சிக்கல். 2006-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்காலை முறித்துக்கொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் தகடும் 27 திருகாணிகளும் வைத்துச் சேர்த்தார்கள். ஆனால் எடை மாறி விழுந்ததால் இடது பின்னங்குளம்பு கெட்டது, பிறகு முன்னங்குளம்புகளும் கெட்டன. 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது. சின்ன விரிசல், எடை குறைந்த மட்டக்குதிரை, குட்டி என்றால் பிழைப்பதுண்டு. எக்ஸ்ரே எடுக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: ஆடியில் அந்தியூர் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறேன். கால் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: சுழி பார்க்க அரைமணி செலவழிக்கிறவர்கள் குளம்பைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. நான்கையும் தூக்குங்கள். முன்குளம்புகள் இரண்டும் ஒரே அளவா? ஒன்று சிறுத்து, செங்குத்தாக இருந்தால் அந்தக் காலில் எடை போடாமல் வெகுநாளாகத் தாங்கித் தாங்கியே நடந்திருக்கிறது. ஓட்டில் வளையங்கள் முன்பக்கம் நெருங்கி, குதிகாலில் விரிந்து ஓடினால் பழைய குளம்பு நோய்.

கெட்டியான தரையில் மெதுவாக ஓடவிடச் சொல்லுங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது தலை இறங்கும். பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள், வலிக்கும் பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும். வியாபாரி கயிற்றை இறுக்கி, தலையைத் தூக்கிப் பிடித்தபடியே ஓட்டிக் காட்டினால் தளர்த்தச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த குதிரையைப் பாருங்கள்.