சக்கரத்தில் நிற்கத் தெரியாதவர் ரிங்க்குக்குப் போகலாமா?

கேள்வி: சிகாகோவில் எம்.எஸ். படிக்கிறேன். தேங்ஸ்கிவிங் லீவுக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட, மிச்சமிருக்கும் நாங்கள் ஐந்தாறு பேர் ரோலர் ஸ்கேட்டிங் ரிங்க் போகலாம் என்றிருக்கிறோம். நான் ஸ்கேட்ஸைத் தொட்டதே இல்லை. அம்மாவோ, "கையைக் காலை உடைச்சுக்கிட்டா அங்க யாரு பார்ப்பா?" என்கிறார். போகட்டுமா?
- ஒரு மாணவி

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் அம்மா கேட்பதும் நியாயம்தான், அதற்கே முதலில் வருகிறேன். இங்கே அதிகம் அடிபடுவது மணிக்கட்டு. விழப்போகிறோம் என்றதும் கையை ஊன்றத்தான் தோன்றும், மொத்த எடையும் அங்கே போய் இறங்கும். ஒரு ஜோடி ரிஸ்ட் கார்டு (மணிக்கட்டுக் கவசம்) வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தடுமாறினால் முழங்காலை மடக்கி, உடம்பைக் குறுக்கி, பக்கவாட்டில் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். விழுந்ததும் விரல்களை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் சக்கரம் மேலே ஏறிவிடும்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். பல ரிங்க்குகளில் நுழையும்போதே 'அடிபட்டால் எங்கள் பொறுப்பில்லை' என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். உங்கள் ஸ்டூடன்ட் இன்ஷூரன்ஸ் செல்லுபடியாகிற அர்ஜென்ட் கேர், அதாவது சின்ன அவசரங்களுக்கான கிளினிக், எங்கே இருக்கிறது, லீவு நாளில் திறந்திருக்குமா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். சின்ன அடிக்கெல்லாம் எமர்ஜென்சி ரூமுக்கு ஓடினால் வருகிற பில் அடியைவிட வலிக்கும்.

வாடகைக்கு ஷூ எடுக்கும்போது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் இருக்கிற க்வாட் கேளுங்கள். ஒரே வரிசையில் சக்கரம் உள்ள இன்லைனைவிட அதில் நிற்பது சுலபம். உடம்பைச் சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்புகிற இந்த அமைப்புக்கு 1863-இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்டன் என்பவர் காப்புரிமை வாங்கினார். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்றொருவர், சக்கரச் செருப்போடு வயலின் வாசித்தபடி விருந்துக்குள் நுழைந்து, திரும்பவும் வழியில்லாமல் நிற்கவும் வழியில்லாமல் பெரிய கண்ணாடி ஒன்றில் போய் மோதினார் என்று ஒரு கதை உண்டு. உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை, ஷூவின் முனையில் ரப்பர் பிரேக் இருக்கிறது.

கணுக்காலுக்கு மேல் வருகிற தடிமனான சாக்ஸ் போடுங்கள், வாடகை ஷூ உராய்ந்து தோலை உரித்துவிடும். துப்பட்டாவை லாக்கரில் வைத்துவிடுங்கள். எல்லோரும் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் சுற்றுவார்கள், நீங்களும் சுவரைப் பிடித்தபடி அதே திசையில் போங்கள். முழங்காலை லேசாக மடக்கி, எடையைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொண்டால் போதும். பயத்தில் விறைப்பாக நிமிர்ந்து பின்னால் சாய்கிறவர்கள்தான் மல்லாக்க விழுகிறார்கள். இன்னொன்று, ஜோடிகள் மட்டும் என்று மைக்கில் அறிவித்தால் பேசாமல் வெளியே வந்து நாச்சோஸ் சாப்பிடுங்கள்.

கேள்வி: நாங்கள் போகிற ரிங்க்கில் ஒரு நாள் ராத்திரி பெரியவர்களுக்கு மட்டுமாம். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வருவார்கள், பிரமாதமாக ஆடுவார்கள் என்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?
- இன்னொரு சிகாகோ வாசகர்

பதில்: வழியை அடைக்காதவரை யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. நிறவெறி நாட்களில் பல ரிங்க்குகள் கறுப்பின மக்களை வாரத்தில் ஏதோ ஒரு ராத்திரி மட்டும்தான் உள்ளே விட்டன. கிடைத்த அந்த ஒரு ராத்திரியைத்தான் அவர்கள் தங்கள் கலையாக்கிக்கொண்டார்கள். உங்கள் ஊருக்கென்றே பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பாட்டுகளை வைத்து வளர்ந்த 'ஜேபி' என்ற பாணி இருக்கிறது. 1963-இல் லெட்ஜர் ஸ்மித் என்பவர் சிகாகோவிலிருந்து, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக நடந்த வாஷிங்டன் பேரணிக்கு, ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர், ஸ்கேட்ஸிலேயே போய்ச் சேர்ந்தார். ஆனால் நீங்கள் கேட்கிற அந்தப் பெரியவர்கள் ராத்திரி, நடை பழகுகிற ராத்திரி இல்லை, வேகம் அதிகம். பகலில் நாலைந்து தடவை பழகிவிட்டுப் போங்கள். முதல் அரை மணி நேரம் ஓரமாக நின்று அவர்கள் கால்களைப் பாருங்கள், கொடுத்த டிக்கெட் காசுக்கு அதுவே போதும்.