மரண தண்டனை – எங்கிருந்து தொடங்குவது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

மரண தண்டனை கூடாது என்று நீங்கள் எழுதியதைப் படித்து மனதளவில் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் நண்பர்களிடம் பேசப்போனால் இரண்டே நிமிடத்தில் வாயடைத்துப் போகிறேன். 'உன் வீட்டில் நடந்திருந்தால் இப்படிப் பேசுவாயா?' என்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. எதைப் படிப்பது, எதை நம்புவது? ஒரு சாதாரண ஆள் இதில் என்ன செய்துவிட முடியும்? கையெழுத்துப் போட்டால் ஏதாவது நடக்குமா?

ர.

அன்புள்ள ர.,

அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் நின்றீர்களே, அதில் தப்பே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் என்ன பேசுவது என்று யாருக்குமே தெரியாது. என் வீட்டில் நடந்தால் நானும் அவனைக் கொல்லத்தான் துடிப்பேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் துடிப்பை அப்படியே அரசாங்கத்தின் கையில் கொடுத்து, பல வருடம் கழித்து ஆற அமரத் தேதி குறித்து, கையைக் காலைக் கட்டி ஒரு ஆளைக் கொல்லச் சொல்லலாமா என்பதுதானே நாம் பேசுகிற விஷயம். இதை ஒப்புக்கொண்டே நண்பர்களிடம் பேச்சைத் தொடங்குங்கள். அப்புறம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் கொலையுண்டவர்களின் குடும்பத்தினரே சேர்ந்து 1976ல் மரண தண்டனைக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கிய மேரி டீன்ஸின் மாமியார் கொலை செய்யப்பட்டவர். அவரிடம் போய் 'உன் வீட்டில் நடந்திருந்தால்' என்று யார் கேட்க முடியும்?

படிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். புள்ளிவிவரத்தில் தொடங்க வேண்டாம். ஒரே ஒரு வழக்கை எடுத்து அடியிலிருந்து நுனி வரை படியுங்கள். ஜப்பானின் இவாவோ ஹகமாடா வழக்கைச் சொல்வேன். முன்னாள் குத்துச்சண்டை வீரர், மிசோ என்கிற புளித்த சோயா விழுது தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். 1966ல் அந்த ஆலை நிர்வாகியின் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். நாள் கணக்கில், மணிக்கணக்கில் விசாரித்து ஒரு வாக்குமூலம் வாங்கினார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, ஆலையின் மிசோ தொட்டிக்குள்ளிருந்து இரத்தக் கறை படிந்த உடைகளை எடுத்தார்கள். 1968ல் மரண தண்டனை. மேல்முறையீட்டு விசாரணையில் அந்தக் கால்சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்தால் ஏறவே இல்லை, அப்படியும் தண்டனை நின்றது.

பிறகு நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. கறை இன்னும் சிவப்பாகத் தெரிகிறதே என்ற சந்தேகத்தில், அவருடைய ஆதரவாளர்கள் துணியில் இரத்தத்தைத் தோய்த்து மிசோவில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுப் பார்த்தார்கள். கறை கறுத்துப் போனது. அப்படியானால் ஒரு வருடம் ஊறியதாகச் சொன்ன உடையில் சிவப்பு எப்படி வந்தது? நீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஒப்புக்கொண்டதில் இந்தச் சிவப்பு நிறத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2014ல் வெளியே வந்தார். 2024 செப்டம்பரில், 88 வயதில், நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. ஆதாரம் விசாரணை அதிகாரிகளால் புனையப்பட்டது என்று நீதிமன்றமே சொன்னது. அவருடைய அக்கா ஹிதேகோவுக்கு அப்போது 91 வயது. தம்பி மனம் கலங்கித் தன்னைப் பார்க்கவே மறுத்த காலத்திலும் சிறை வாசலுக்குப் போய் வந்தவர் அவர். ஜப்பானில் தூக்கு என்பதை அன்று காலையில்தான் கைதியிடம் சொல்வார்கள். அத்தனை வருடக் காலைகளையும், வெளியே கேட்கும் ஒவ்வொரு காலடிச் சத்தத்தையும் நினைத்துப் பாருங்கள், ர.

மரண தண்டனைக்கு எதிரான இயக்கத்தின் வேலை என்ன என்று என்னைக் கேட்டால் அவகாசம் வாங்குவது என்பேன். உண்மை வந்து சேரும்வரை ஆள் உயிரோடு இருக்க வேண்டும். பிரிட்டனில், தன் குழந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட டிமதி எவன்ஸுக்கு அது கிடைக்கவில்லை. 1950ல் தூக்கிலிட்டார்கள். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன, அதே கட்டடத்தில் கீழே குடியிருந்த கிறிஸ்டி தொடர் கொலைகாரர் என்பது 1953ல் தெரிந்தது. எவன்ஸுக்கு மன்னிப்பு 1966ல் வந்தது. யாருக்கு என்ன பயன்?

ஒரு வழக்கைப் படித்து முடித்த பிறகு எண்களுக்குப் போங்கள். ஆம்னஸ்டி என்கிற மனித உரிமை அமைப்பு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. 2024 முடிவில் 113 நாடுகள் எல்லாக் குற்றங்களுக்கும் மரண தண்டனையை ஒழித்திருந்தன. அந்த ஆண்டில் பதிவான மரண தண்டனை நிறைவேற்றங்கள் 1,518. இதை எங்கே சொன்னாலும், சீனாவின் கணக்கு இதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அங்கே அது அரசு ரகசியம். பாதி எண்ணைச் சொல்லி மாட்டிக்கொண்டால் மீதிப் பேச்சும் எடுபடாது. அமெரிக்க வழக்குகளுக்கு வாஷிங்டனில் உள்ள மரண தண்டனைத் தகவல் மையம் நல்ல இடம். தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது, 1973க்குப் பிறகு மட்டும் 200 பேரைத் தொட்டுவிட்டது. நாடுவாரியாகச் சட்டம் தெரிய வேண்டுமானால் கார்னெல் பல்கலைக்கழக மையத்தின் தரவுத்தளம். 'தூக்கு இருந்தால்தான் பயம் இருக்கும்' என்பவர்களுக்கு, அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2012 அறிக்கை. அதுவரை வந்த ஆய்வுகளை வைத்துத் தூக்கு கொலையைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ எதுவுமே சொல்ல முடியாது என்று அது சொல்கிறது. அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

சரி, கையெழுத்து. தனியாக ஒரு கையெழுத்து எதையும் நிறுத்தாது. ஆனால் வழக்கறிஞர் மேல்முறையீடு செய்துகொண்டோ கருணை மனு எழுதிக்கொண்டோ இருக்கும் நேரத்தில், இந்த ஆளை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தெரிவது பெரிய விஷயம். அதனால்தான் இந்த இயக்கத்தில் இருப்பவர்கள் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். எழுதுங்கள், மரியாதையாக, சுருக்கமாக, வழக்கின் விவரத்தோடு. அதற்கு முன்னால் தீர்ப்பு கிடைத்தால் படித்துவிடுங்கள். குடும்பமும் வழக்கறிஞரும் விரும்புகிறார்களா என்று கேட்காமல் கைதியின் படத்தையோ பெயரையோ நீங்களாகப் பரப்ப வேண்டாம். சில நேரம் சத்தமே உயிருக்கு உலை வைத்துவிடும். அக்டோபர் 10 மரண தண்டனைக்கு எதிரான உலக நாள், 2003லிருந்து நடக்கிறது. அன்றைக்கு உங்கள் நண்பர்களையே கூட்டி உட்காரவைத்து ஒரு வழக்கை வாசிக்கலாம்.

குற்றவாளி என்பதில் சந்தேகமே இல்லாத ஆளுக்காகவும் நாம் பேசத்தான் வேண்டும். கடினமான பகுதி அதுதான். ஹகமாடாவுக்காகக் கண் கலங்குவது யாருக்கும் முடியும். இதைப் பற்றி இன்னொரு கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஒரு வழக்கைப் படித்து முடித்திருங்கள், குறிப்பு எடுக்கும்போது முதல் வரியில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.