கலவை பாதியிலேயே இறுகுகிறதா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கட்டிய 10-க்கு 10 அறைக்கு நானே உள்பூச்சு பூசிப் பார்க்கிறேன். பாதிச் சுவர் முடிவதற்குள் கலவை இறுகிவிடுகிறது. தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினால் மயிரிழை வெடிப்பு விழுகிறது. எப்படி வேகமாகப் பூசுவது?
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேகத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் கலவையைக் குறையுங்கள். ஒன்றுக்கு ஐந்து கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், ஐந்து பங்கு மணல்) ஒரு மூட்டை சிமென்ட், அரை அங்குலக் கனத்துக்குச் சுமார் 100 சதுர அடி வரும். அது உங்கள் அறையில் ஒரு முழுச் சுவர்! கை பழகிய கொத்தனாரே அவ்வளவையும் ஒரே தடவையில் குழைக்க மாட்டார். நீங்கள் அரைச் சட்டி சிமென்ட், இரண்டரைச் சட்டி சலித்த மணல் என்று போடுங்கள். 15 சதுர அடி ஓடும். தண்ணீர் விட்ட அரை மணிக்குள் அது சுவரில் ஏறிவிட வேண்டும். ஈர மணலோடு சிமென்ட்டைக் கலந்து குவித்து வைப்பதும் கூடாது. அந்த ஈரமே இறுக்கத்தைத் தொடங்கி வைத்துவிடும்.

இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டால் இளகும், ஆனால் பிடிப்பு திரும்பாது. வெடிப்புக்கு அது ஒரு காரணம். கொட்டிவிடுங்கள், நஷ்டம் அரைச் சட்டி சிமென்ட்தான்.

அடுத்தது சுவர். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் அரை மணி பத்து நிமிடமாகச் சுருங்கும். முந்தைய நாள் மாலை நன்றாக நனையுங்கள், பூசும் முன் ஒரு முறை தெளியுங்கள். தண்ணீர் வழியும் சுவரில் பூசாதீர்கள், கலவை சரியும். தூக்குக்குண்டு பிடித்து மட்டப் புள்ளி (பூச்சின் கனத்தைக் காட்டும் சின்னக் கலவைத் திட்டு) வைப்பதையும் முந்தைய நாளே முடித்துவிடுங்கள். புள்ளிகளின் இடைவெளி உங்கள் மட்டப்பலகையின் நீளத்தைவிடக் குறைவாக இருக்கட்டும்.

புதிதாகப் பூசுபவர்கள் அதிகம் சொதப்பும் இடம் மணியாஸ் கட்டை (பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும் மரக்கட்டை) போடும் நேரம். பலகையால் இழுத்து மட்டம் செய்ததும் தேய்க்க ஆரம்பித்தால் சிமென்ட் பால் (சிமென்ட் கரைந்த தண்ணீர்) மேலே வந்து, காய்ந்ததும் வலை வலையாக வெடிக்கும். விரலால் அழுத்துங்கள். கலவை விரலில் ஒட்டக்கூடாது, ஆனால் தடம் விழ வேண்டும். அப்போது தேய்த்தால் கட்டை இதமாக ஓடும். தாமதித்தால் கட்டை மணலைப் பெயர்க்கும். அதைச் சரிசெய்யச் சிலர் காய்ந்த சிமென்ட்டைத் தூவித் தேய்ப்பார்கள். பார்க்கப் பளபளக்கும், பின்னால் ஏடு ஏடாக உரியும். காத்திருக்கும் நேரத்தில் அடுத்த கலவையைக் குழைக்காமல் கரண்டி, சட்டியைக் கழுவுங்கள். ஒரு கட்டம் தேய்த்து முடிந்த பிறகே அடுத்த கலவை.

மேலிருந்து கீழே வாருங்கள். முடிந்தவரை ஒரு சுவரை ஒரே நாளில் முடியுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமானால் மூலையிலிருந்து அரை அடியாவது தள்ளி, ஓரத்தைக் கரண்டியால் நேராக வெட்டிவிடுங்கள். மறுநாள் அந்த ஓரத்தைச் சுரண்டி, நனைத்து, சிமென்ட் பால் தடவித் தொடருங்கள்.

ஜன்னல் வழியாக வெயில் விழும் சுவரை அந்த நேரத்தில் தொடாதீர்கள். ஓடும் ஃபேனையும் நிறுத்துங்கள். மறுநாளிலிருந்து ஏழு நாள், காலையும் மாலையும் தண்ணீர் காட்டுங்கள், கோடையில் மத்தியானமும்.