புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கணினி அணைகிறதா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: 2020 கடைசியில் அசெம்பிள் செய்த கணினி. இன்டெல் ஐ5-10400எஃப் பிராசஸர், 8 ஜிபி ரேம் ஒன்று, கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி), 600 விஏ யுபிஎஸ். போன மாதம் ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) கிராபிக்ஸ் கார்டு வாங்கி நானே பொருத்தினேன். யூடியூப், எக்செல் எல்லாம் நன்றாக ஓடுகிறது. கேம் ஆரம்பித்துச் சில நிமிடங்களில் பட்டென்று அணைந்துவிடுகிறது. கடைக்காரர், "கார்டு நல்லாத்தான் இருக்கு, எஸ்எம்பிஎஸ்ஸை மாத்துங்க" என்கிறார். நண்பரோ கார்டே டூப்ளிகேட் என்கிறார். யாரை நம்புவது?
– திருப்பூர் வாசகர்

பதில்: என் ஓட்டு கடைக்காரருக்கு. ஆனால் அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக உடனே எதையும் வாங்கிவிடாதீர்கள். காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

யூடியூபில் அணையவில்லை, கேமில்தான் அணைகிறது என்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. சும்மா இருக்கும்போது இப்படிப்பட்ட கணினி இழுப்பது நூறு வாட்டுக்கும் கீழேதான். கேம் ஓடும்போது 3060 கார்டு மட்டுமே 170 வாட் வரை எடுக்கும். பிராசஸர், டிஸ்க், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் 300 வாட் பக்கம் வந்துவிடும். அதுவும் சீராக இழுக்காது, கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறி இறங்கும். அந்த எகிறலைத் தாங்காமல் எங்கோ ஒன்று கைவிடுகிறது.

அணையும்போது எதெல்லாம் அணைகிறது என்று முதலில் கவனியுங்கள். மானிட்டர் விளக்கு உட்பட எல்லாம் ஒரே நொடியில் போனால் யுபிஎஸ் மேல் சந்தேகம். கேபினட் மட்டும் அடங்கி, மானிட்டர் "நோ சிக்னல்" காட்டினால் எஸ்எம்பிஎஸ். விசிறியும் சுற்றுகிறது, கேமின் சத்தமும் கேட்கிறது, திரை மட்டும் கறுத்துவிட்டது என்றால் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), கேபிள் அல்லது கார்டு. அந்த நேரத்தில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை திரும்பி வந்தால் டிரைவரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

யுபிஎஸ்ஸைப் பலரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. கடையில் விற்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பெட்டியில் பெரிதாக 600 என்று போட்டிருப்பார்கள், வாட் கணக்கு பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். மின்சாரம் லேசாகத் தடுமாறி அது பேட்டரிக்கு மாறும் நேரத்தில் கேமும் ஓடிக்கொண்டிருந்தால் கத்திவிட்டு அணைந்துவிடும். பேட்டரி பழையதாக இருந்தால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. ஆகவே ஒருநாள் கணினியை எர்த் இருக்கும் சுவர் பிளக்கில் நேராகச் செருகி அதே கேமை ஓடவிடுங்கள். அணையவில்லையா? கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பிழைத்தன, யுபிஎஸ்தான் மாற வேண்டும்.

அப்போதும் அணைந்தால், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எந்த பிராண்டு கார்டுக்கும் அது வேலை செய்யும். அதில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு விளையாடிப் பாருங்கள். கார்டு எடுக்கும் மின்சாரம் 120 வாட் அளவுக்கு இறங்கிவிடும், வேகம் கொஞ்சம்தான் குறையும். இப்படி வைத்தால் அணையாமல் ஓடுகிறது, பழையபடி வைத்தால் அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்தான் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம்.

கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பக்கத் தகட்டைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் படியுங்கள். "450 வாட்" என்ற எழுத்தை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்கி 216 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். அது போதாது என்று சொல்ல மெக்கானிக் தேவையில்லை. 3060-க்கு அதன் சிப்பை உருவாக்கிய என்விடியா நிறுவனம் பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் பக்கம் 40 ஆம்பியருக்கு மேல் போட்டிருக்கும். வாங்கும்போது அதைக் கேளுங்கள், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று உள்ளதாகப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் கேபிள் இருந்ததா, இல்லை கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றினீர்களா? கடிதத்தில் அது இல்லை. டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் இருந்தால் இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். ஒரு சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் கொடுக்கக்கூடியது 54 வாட். 8 பின் கேட்கக்கூடியது 150. பிளாஸ்டிக் உருகி நாற்றம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பிராசஸருக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், உள்ளே துருவங்கள் தலைகீழ். ஒன்றை இன்னொன்றில் அழுத்தித் திணிக்கக் கூடாது. புது எஸ்எம்பிஎஸ் கேபிள் கழற்றும் வகை என்றால் பழையதன் கேபிளை அதில் செருகாதீர்கள். ஒரே கம்பெனி என்றாலும் மாடலுக்கு மாடல் பின் அமைப்பு மாறும், கார்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் காவு வாங்கிவிடும்.

விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" என்று வந்திருக்கும். அதைப் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டிப் பயனில்லை. "ஒழுங்காக அணைக்கவில்லை" என்று விண்டோஸ் புலம்புகிறது, அவ்வளவுதான். காரணம் அதில் இருக்காது.

டூப்ளிகேட் சந்தேகத்துக்கு ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். பழைய கார்டின் பயாஸை (உள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) திருத்திப் புது மாடல்போல் விற்கும் மோசடி உண்டு. அப்படிப்பட்ட பலவற்றை அது போலி என்றே எழுதிக் காட்டிவிடும். ஆனால் போலி 3060 நிஜமான கேமைச் சில நிமிடம்கூட ஒழுங்காக ஓட்டாது, அதனால் நண்பரின் வாதம் எனக்கு நிற்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் அணைந்தால், நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்கும் வேறொரு கணினியில் கார்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் படுத்தால் கார்டில் கோளாறு. அதை வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அப்புறம், இதெல்லாம் சரியான பிறகு "கேம் நினைத்த அளவு வேகமாக இல்லையே" என்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். அதற்கும் இப்போதே பதில்: இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் பக்கத்தில் போடுங்கள்.

கேள்வி: கார்டு போட்டேன், விசிறி சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை. கார்டைக் கழற்றினால் பழையபடி படம் வருகிறது. மானிட்டர் பழையது, நீல நிற விஜிஏ கேபிள்.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: கேபிள் இப்போது எதில் செருகியிருக்கிறது? மதர்போர்டின் விஜிஏவிலேயே விட்டிருந்தால் படம் வராது. கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் தன்னிடமுள்ள கிராபிக்ஸை அணைத்துவிடும். கார்டின் பின்பக்கம்தான் மானிட்டரைச் செருக வேண்டும்.

அங்கே விஜிஏ இருக்காது. இப்போது வரும் கார்டுகளில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும்தான். இரண்டு முனையையும் வெறும் கம்பியால் சேர்த்த மலிவுக் கேபிள் இதற்கு உதவாது. டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்ற உள்ளே ஒரு சிப் வேண்டும். "ஆக்டிவ் கன்வெர்ட்டர்" என்று கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசை எச்டிஎம்ஐ உள்ள செகண்ட் ஹேண்ட் மானிட்டர் பக்கம் திருப்புவேன்.

கன்வெர்ட்டர் போட்டும் வரவில்லை என்றால் மின்சாரக் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சத்தை வடியவிட்டு, கார்டைக் கழற்றி மறுபடி செருகுங்கள். ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கி "டிக்" என்று விழ வேண்டும். கார்டின் பவர் கேபிளும் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். மதர்போர்டில் விஜிஏ என்று எழுதிய சின்ன விளக்கு எரிந்தால் மதர்போர்டு கார்டைப் பார்க்கவே இல்லை என்று பொருள். மிகப் பழைய மதர்போர்டு என்றால் புது கார்டோடு ஒத்துவர பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். அதைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள், பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே போய்விடும்.

கேள்வி: புது கார்டில் விசிறி இரண்டுமே சுற்றவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். சூடு 50, 60 டிகிரி வரும்வரை விசிறியை நிறுத்தியே வைக்கும்படி பல கார்டுகளை அமைத்திருக்கிறார்கள். கேம் ஒன்றைத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். 75 டிகிரி தாண்டியும் அசையாமல் நின்றால் அப்போது திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பையனுக்காகப் பெரிய கம்பெனியின் பழைய அலுவலகக் கணினி (சின்ன கேபினட், 4-ஆம் தலைமுறை ஐ5) வாங்கினேன். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580 கார்டு மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?
– விழுப்புரம் வாசகர்

பதில்: போட முடியாது. முழு உயரக் கார்டு அந்தக் கேபினட்டுக்குள் நுழையாது. நுழைந்தாலும் 580 கேட்பது 185 வாட். இந்தக் கணினிகளின் எஸ்எம்பிஎஸ்ஸே மொத்தம் 250 வாட் பக்கம்தான், கார்டுக்கான கேபிளும் அதில் இருக்காது. பெரிய எஸ்எம்பிஎஸ் மாற்றலாம் என்று கடையில் சொல்வார்கள். பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பே வேறு வடிவம்.

மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டும் முறை 2022 செப்டம்பர் 15-ஆம் தேதியோடு முடிந்தது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. 580-இல் "2048எஸ்பி" என்றொரு வகை இருக்கிறது, பெயர்தான் 580, உள்ளே 570.

ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டுதான் உங்களுக்கு ஒத்துவரும். ஸ்லாட் தருவது 75 வாட். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை 70 வாட்டில் ஓடும், அதில் குட்டை உயர மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். 8 ஜிபி வகை வேறு, அதற்குத் தனி மின் இணைப்பு வேண்டும். ஆர்எக்ஸ் 6400-உம் உள்ளே நுழையும். ஆனால் உங்கள் பழைய மதர்போர்டில் அதன் வேகம் குறையும், வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் என்கோடரும் அதில் கிடையாது. பையன் யூடியூபுக்கு வீடியோ வெட்டி ஒட்டுபவன் என்றால் வேண்டாம். பெட்டியில் சின்ன கேபினட்டில் கார்டைப் பொருத்துவதற்கான குட்டைத் தகடும் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு யோசனை: 4-ஆம் தலைமுறை பிராசஸரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இந்தக் கணினிக்கு விலை உயர்ந்த கார்டு வாங்க நான் தயங்குவேன்.

கேள்வி: வாங்கி 12 நாள் ஆகிறது. கணினியைப் போட்டவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பே திரை முழுக்கக் கோடும் கட்டமும். கடைக்காரர், "விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு பில்லுலயே போட்டிருக்கோம், சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்கிறார். அங்கே ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள்.
– மதுரை வாசகர்

பதில்: விண்டோஸ் வருவதற்கு முன்பே கோடு வருகிறதென்றால் டிரைவர் மேல் பழி போட முடியாது. கேபிளையும் மானிட்டரையும் மட்டும் மாற்றிப் பார்த்துவிடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் கார்டின் மெமரி அடிபட்டிருக்கிறது, வாரன்டியில் மாற்ற வேண்டியதுதான்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அது. குறை இருந்தால்தான் இது பொருந்தும், மனசு மாறியதற்கெல்லாம் செல்லாது. பில்லில் அச்சடித்த "வாபஸ் இல்லை" வரி குறையுள்ள பொருளைக் காப்பாற்றாது.

30 நாளில் 12 போய்விட்டது, ஆகவே வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். கோடு தெரியும் வீடியோ, பில், கார்டின் சீரியல் எண் தெரியும் படம் மூன்றையும் சேர்த்துக் கடைக்கு மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல கடைக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கும் ஒரு வரி: அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கார்டு வந்த பெட்டியை அதுவரை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், சீரியல் எண் ஸ்டிக்கர் அதிலும் இருக்கிறது.