வாசகர் கேள்வி: விருதுப் பட்டியலை ஒரே மாதிரி போடுறது எப்படி?

கேள்வி: அக்கா, நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு நூலகத்துக்காக பாரத ரத்னா, பத்ம விருதுகள், கேல் ரத்னா, பால்கே விருது எல்லாம் வாங்கினவங்க பட்டியலை எக்செல்ல ஏத்திட்டு இருக்கோம். ஆளாளுக்கு ஒரு மாதிரி டைப் பண்றாங்க. ரஜினிகாந்துக்கு பால்கே விருது 2019னு ஒருத்தர் போட்டா இன்னொருத்தர் 2021ங்கறார், ஒரு இடத்துல எம்.ஜி.ஆர், வேற இடத்துல எம்.ஜி. இராமச்சந்திரன். எங்கேருந்து சரி பண்ண ஆரம்பிக்கிறது?

பதில்: வருஷத்துலேருந்து ஆரம்பிங்க தம்பி. பேர்ல வர்ற குழப்பம் கண்ணுக்குத் தெரியும், வருஷம் தப்பா இருந்தா யாருக்கும் தெரியாது, அப்படியே பத்து இடத்துக்கு காப்பி ஆகிப் போயிடும்.

ரஜினி விஷயத்துல ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். அது 2019ஆம் ஆண்டுக்கான விருது, அறிவிச்சது 2021 ஏப்ரல்ல, டெல்லியில கையில கொடுத்தது 2021 அக்டோபர்ல. 'ஆண்டு'ன்னு வெறுமனே ஒரு காலம் (எக்செல்ல இருக்கற column) வெச்சா அவரவர் மனசுல எது தோணுதோ அதைத்தான் போடுவாங்க, அதனால 'எந்த ஆண்டுக்கான விருது'ன்னு ஒண்ணு, 'வழங்கிய நாள்'னு ஒண்ணு, ரெண்டா பிரிச்சிடுங்க. மேஜர் முகுந்த் வரதராஜன் வீரமரணம் அடைஞ்சது 2014 ஏப்ரல்ல, அசோக சக்ராங்கற வீர விருது அவர் குடும்பத்துகிட்ட வந்தது 2015 குடியரசு தினத்துல. ஒரே ஒரு காலம் இருந்தா இதுல எந்த வருஷத்தை எழுதுவீங்க?

கேல் ரத்னாவோட முதல் விருது விஸ்வநாதன் ஆனந்துக்கு, 1991-92. அதை 1991னு சுருக்காதீங்க, ரெட்டை வருஷமாவே இருக்கட்டும். ஆனா அந்தக் காலத்தை முன்னாடியே டெக்ஸ்ட்னு செட் பண்ணிடுங்க, இல்லேன்னா 2000-01னு அடிச்ச உடனே எக்செல் அதை ஜனவரி மாசம்னு எடுத்துக்கிட்டு தேதியா மாத்திடும், ஒரு பட்டியல்ல இதைக் கண்டுபிடிச்சு சரி பண்ண எனக்கு ரெண்டு நாள் போச்சு.

இப்ப பேருக்கு வருவோம். பரவலா தெரிஞ்ச பேர் ஒரு காலத்துல, முழுப்பேர் பக்கத்துக் காலத்துல. இனிஷியலையும் தனியா எடுத்துடுங்க, அப்பதான் அகர வரிசைப்படுத்தும்போது எம்.எஸ். சுப்புலட்சுமி 'எ'வுல போகாம 'சு'வுல வருவாங்க. திரு, திருமதி, டாக்டர் எதுவும் வேண்டாம். 'பத்மஸ்ரீ இன்னார்'னு பேருக்கு முன்னாடி ஒட்டவே கூடாது, இது வெறும் அழகுக்காகச் சொல்றது இல்ல. 1995 டிசம்பர் 15ல பாலாஜி ராகவன் வழக்குல உச்ச நீதிமன்றம் இந்த விருதெல்லாம் பட்டம் கிடையாது, பேருக்கு முன்னாடியோ பின்னாடியோ போட்டுக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லியிருக்கு. நம்ம அழைப்பிதழ்கள்ல இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க, பார்க்கும்போதெல்லாம் வருத்தமா இருக்கும், நூலகத்துல இருக்கற பட்டியலாவது சரியா இருக்கணும்.

கேள்வி: ஒருத்தரே மூணு விருது வாங்கியிருந்தா ஒரே வரியில போடலாமா? பேர் மாறின விருதுகளை என்ன பண்றது?

பதில்: ஒரு விருதுக்கு ஒரு வரிம்மா. எம்.எஸ். அம்மாவுக்கு பத்ம பூஷண் 1954, பத்ம விபூஷண் 1975, பாரத ரத்னா 1998, ஆக மூணு வரி. ஒரே கட்டத்துல மூணையும் திணிச்சா அப்புறம் வருஷவாரியா பிரிக்கவே முடியாது.

இதுலயே உங்க ரெண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கு பாருங்க. 1954ல 'பத்ம பூஷண்'னு ஒரு விருதே கிடையாது. அந்த வருஷம் ஜனவரி 2ல பாரத ரத்னாவோட சேர்த்து ஆரம்பிச்சது பத்ம விபூஷண் மட்டும்தான், அதுக்குள்ள முதல், ரெண்டாம், மூணாம்னு வகுப்புகள் இருந்துச்சு. 1955 ஜனவரி 8லதான் அந்த வகுப்புகள் முறையே பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீன்னு ஆச்சு. பழைய ஆவணத்துல 'பத்ம விபூஷண் ரெண்டாம் வகுப்பு'ன்னு பார்த்துட்டு அதைப் பத்ம விபூஷண் பட்டியல்ல சேர்த்துட்டா ஒரு படி ஏத்திப் போட்ட மாதிரி ஆயிடும். அசோக சக்ராவும் இப்படித்தான், அதோட ரெண்டாம் வகுப்பு 1967ல கீர்த்தி சக்ரா ஆச்சு, மூணாம் வகுப்பு சௌர்ய சக்ரா. கேல் ரத்னா 2021 ஆகஸ்ட் வரைக்கும் ராஜீவ் காந்தி பேர்ல, அதுக்கப்புறம் மேஜர் தியான் சந்த் பேர்ல. நான் எப்பவும் இன்னிக்கு இருக்கற பேரை விருதுக் காலத்துல போட்டுட்டு, அன்னிக்கு இருந்த பேரை குறிப்புல எழுதிடுவேன்.

கேள்வி: எந்த விருது முதல்ல வரணும்? யாருக்கும் கொடுக்காத வருஷத்தை விட்டுடலாமா?

பதில்: பதக்கங்களை அணியற வரிசைன்னு அரசு வெச்சிருக்கற முறையில பாரத ரத்னா, பரம் வீர் சக்ரா, அசோக சக்ரா, அப்புறம்தான் பத்ம விபூஷண், பத்ம பூஷண். பத்மஸ்ரீ கீர்த்தி சக்ராவுக்கும் கீழ வருது. நிறைய பேர் பத்ம விருது மூணையும் ஒண்ணா அடுக்கிட்டு வீர விருதுகளைத் தனியா வெப்பாங்க, நூலகத்துக்கு அது வசதிதான், ஆனா அப்படித்தான் அடுக்கியிருக்கோம்னு மேல ஒரு வரி எழுதிடுங்க.

காலி வருஷத்தை விடாதீங்க. 'வழங்கப்படவில்லை'ன்னு போட்டு காரணமும் எழுதுங்க, ஏன்னா எல்லா காலியும் ஒண்ணு இல்ல. 1977 ஜூலையிலேருந்து 1980 ஜனவரி வரைக்கும் மொரார்ஜி தேசாய் அரசு நிறுத்தினதால, 1992 ஆகஸ்ட்லேருந்து 95 டிசம்பர் வரைக்கும் முன்னாடி சொன்ன அந்த வழக்கால, 2020லேருந்து 2023 வரைக்கும் பாரத ரத்னா யாருக்குமே அறிவிக்காததால. நேதாஜிக்கு 1992ல பாரத ரத்னா அறிவிச்சு கடைசியில கொடுக்காமலே போயிடுச்சு, அவர் பேர் எண்ணிக்கையில வராது, குறிப்புல மட்டும் வரும். 2024ல அஞ்சு பேரைச் சேர்த்து மொத்தம் 53, உங்க பட்டியல்ல அதுவரைக்கும் 54னு வந்தா முதல்ல அந்த இடத்தைப் பாருங்க.

மறைவுக்குப் பின் கொடுத்ததுக்கு நட்சத்திரக் குறி போடாம 'ஆம் / இல்லை'ன்னு ஒரு காலம் போதும். காமராஜர் 1976 ஆம், எம்.ஜி.ஆர் 1988 ஆம், அப்துல் கலாம் 1997 இல்லை. நட்சத்திரம் காப்பி பண்ணும்போது எங்கேயாவது உதிர்ந்துடும்.