நட்டு மூன்று வாரம் ஆகிறது. செடிகள் வேர் பிடித்துவிட்டனவா என்று எப்படிப் பார்ப்பது?

மூன்று வாரம் முன்பு நட்ட செடிகள் மதியமானால் தலை தொங்குகின்றன, அடியிலை மஞ்சளாகி உதிர்கிறது, தண்ணீரைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குக் கூட்ட வேண்டாம். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் போய் அதே செடிகளைப் பாருங்கள். இலைகள் விறைப்பாக நிமிர்ந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இடம் மாற்றி நடும்போது மயிரிழை போன்ற வேர்த்தூவிகள் நிறைய அறுந்துபோகும். தண்ணீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். அதனால் உச்சி வெயிலில் இலை தண்ணீரை இழக்கிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. வெயில் தாழ்ந்ததும் செடி தேறிக்கொள்ளும். காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் விஷயம்.

அப்போதும் முதலில் நீட்ட வேண்டியது விரலை, வாளியை அல்ல. இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரத்தில் நின்றுகொண்டே வாடுகிற செடிக்கு வேர் மூச்சுமுட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். அதற்கு இன்னும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

விரலை எங்கே விடுவது என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. இதை ஒரு எலுமிச்சைக் கன்றைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன். தினமும் காலையில் இரண்டு குவளை தண்ணீர் விட்டேன். சுற்றிலும் மண் எப்போதும் ஈரம். இலை மட்டும் சுருண்டுகொண்டே போனது. நான்காவது வாரம் பொறுக்க முடியாமல் தோண்டி எடுத்தேன். வெளியே சேறு. கையில் வந்த மண்கட்டியோ நாற்றுப் பையின் உருவம் மாறாமல் இருந்தது. விரலால் உடைத்தால் உள்ளே தூசி பறந்தது. வேர்கள் பையின் அடியில் சுற்றிய சுற்று அப்படியே கிடந்தது, ஒன்றுகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. பைக்குள் இருந்தது பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள். அந்தக் கட்டி ஒருமுறை நன்றாகக் காய்ந்து இறுகிவிட்டால் தண்ணீரை லேசில் ஏற்காது. நான் ஊற்றியதெல்லாம் பக்கத்தில் இருந்த பொலபொல மண் வழியாக இறங்கிப் போயிருக்கிறது.

ஆகவே, தண்டை ஒட்டி, பையோடு வந்த அந்தப் பழைய மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். அது காய்ந்திருந்தால் தண்டுக்கு அருகிலேயே, சொட்டுச் சொட்டாக, நேரமெடுத்து ஊற்றுங்கள். அடியில் ஊசி ஓட்டை போட்ட பாட்டில் ஒன்று போதும். சின்னச் செடியாக இருந்தால் மண்கட்டியோடு எடுத்து, குமிழி வருவது நிற்கும்வரை வாளித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு மறுபடி நடலாம்.

மஞ்சள் இலைக்கு வருகிறேன். அடியில் பழைய இலை ஒன்றிரண்டு உதிர்வது செடி செலவைக் குறைத்துக்கொள்வதுதான், விட்டுவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது நுனியை. கொழுந்து புதிதாக வருகிறதா, வந்தது கருகாமல் விரிகிறதா? கிளையை வெட்டிக் குச்சியாக நட்டவர்கள் மட்டும் கொழுந்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வேரே இல்லாமல் தண்டில் இருக்கும் சேமிப்பை வைத்தும் துளிர் வரும். தண்டின் அடியை இரு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். மண் எதிர்த்துப் பிடித்தால் வேர் ஓடியிருக்கிறது. ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் இழுத்துப் பார்ப்பது, குழந்தை தூங்கிவிட்டதா என்று எழுப்பிக் கேட்பது மாதிரி.

அப்புறம் தூரைப் பாருங்கள். சில வாரத் தண்ணீரில் மண் அமுங்கிக் குழி விழுந்திருக்கும், அல்லது மண் சரிந்து தண்டை மூடியிருக்கும். இரண்டையும் சரிசெய்யுங்கள். ஒரு செடியின் வேர்த்தண்டில் இன்னொன்றின் கிளையை ஒட்டி வளர்த்த ஒட்டுச் செடியில் அந்த ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். காய்ந்த இலை மூடாக்கு போட்டிருந்தால் தண்டில் படாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். குச்சியோடு கட்டிய கயிறு தண்டை அறுக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பூச்சிக்கு இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது போதும். எறும்பு வரிசையாக ஏறினால் கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இருக்கிறதா என்று தேடுங்கள். நாற்று ராத்திரியோடு ராத்திரியாக அடியில் வெட்டுப்பட்டுக் கிடந்தால் பக்கத்து மண்ணைக் கிளறுங்கள், சுருண்டு படுத்திருக்கும் வெட்டுப்புழு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

செடி சோர்ந்திருக்கிறதே என்று ரசாயன உரம் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த உப்பு, தள்ளாடும் வேரைக் கருக்கிவிடும். கொழுந்து ஒழுங்காக வரட்டும்.

எல்லா இலையும் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும் செடியையும் உடனே பிடுங்க வேண்டாம். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. என் எலுமிச்சையும் ஊறவைத்து மறுபடி நட்ட பிறகு அப்படித்தான் நின்றது. சுரண்டினேன், பச்சை தெரிந்தது, காத்திருந்தேன். துளிர்த்தது, ஒட்டுக்குக் கீழே. அதாவது வேருக்காக வைத்த செடி பிழைத்துக்கொண்டது, நான் வாங்கிய எலுமிச்சை போய்விட்டது. பிடுங்க மனம் வராமல் வைத்திருக்கிறேன். முள் மட்டும் நன்றாக வருகிறது.