கறுப்பு காரில் வெயில் பட்டால் தெரியும் வட்டக் கீறல்களையும், பாலிஷ் போட்ட பிறகு வந்த மங்கலையும் எப்படிப் போக்குவது?

நான்கு வருடக் கறுப்பு செடான். பெங்களூரு அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நிற்கிறது. வெயிலுக்கு வந்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்கள். சர்வீஸ் விட்ட இடத்தில் மெஷின் பாலிஷ் போட்டார்கள், சில நாள் பளபளத்தது, நாலு முறை கழுவியதும் கீறல் திரும்ப வந்துவிட்டது, போதாததற்கு மேலே ஒரு வெளிறிய மங்கல் வேறு. பெயிண்ட் போய்விட்டதா, திரும்ப அடிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெயிண்ட் நன்றாகவே இருக்கிறது, பாலிஷ் வேலைதான் பாதியில் நிற்கிறது. நான் ஹொரமாவு பக்கம் இருக்கிறேன். தொழில்முறை ஆள் இல்லை. என் காருக்கும் அக்கம்பக்கத்து வீட்டுக் கார்களுக்கும் வாரக் கடைசியில் நானே இதைச் செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு அடுக்கு இருக்கிறது, அதுதான் கிளியர் கோட். பெரும்பாலான கம்பெனி பெயிண்டில் அது 35 முதல் 50 மைக்ரான் இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் கீறல்கள் எல்லாம் இந்த அடுக்கின் மேல்பகுதியில் இருப்பவை. அவை உண்மையில் வட்டமாகக்கூட இல்லை. துணி போன எல்லாத் திசையிலும் நேர்க்கோடுகளாகத்தான் கிடக்கின்றன; சூரியனோ பெட்ரோல் பங்க் விளக்கோ மேலே பட்டால், அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றிக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தெரிகிறது. பேஸ்மெண்ட் டியூப் லைட்டில் ஒன்றுமே தெரியாததற்கும் இதுதான் காரணம், அங்கே ஒளி பரவலாக விழுகிறது.

பாலிஷ் என்றால் எதையோ பூசுவது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். உண்மையில் காம்பவுண்ட் என்கிற கரடான பாலிஷ் பசை கிளியர் கோட்டைச் சுரண்டுகிறது. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பை இறக்கினால் கீறல் இல்லாமல் போகிறது. அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு தடவை போடும்போதும் ஒன்றிரண்டு மைக்ரானாவது போகும், போனது திரும்பி வராது. வருடா வருடம் சர்வீஸோடு ‘ரப்பிங் பாலிஷ்’ போட்டுக்கொள்ளாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் உங்களுக்குக் கீறல் ஏன் திரும்ப வந்தது? பல பாலிஷ்களில் எண்ணெய், மெழுகு மாதிரி நிரப்பும் பொருட்கள் கலந்திருக்கும். அவை கீறலுக்குள் போய் உட்கார்ந்து ஒளியை மறைக்கும், நாலு முறை ஷாம்பு போட்டால் கரைந்து போய்விடும். கீறல் போகவே இல்லை, மறைந்துதான் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அதைவிட அதிகமாகவே தண்ணீர் கலந்து, பாலிஷ் போட்ட இடத்தில் லேசாகத் தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அப்புறம் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். அப்போது என்ன தெரிகிறதோ அதுதான் உண்மை நிலை. இனி யாரிடம் பாலிஷ் கொடுத்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பேனலில் இப்படிச் செய்து பாருங்கள், நல்ல வேலைக்காரர் கோபப்படமாட்டார்.

இனி அந்த மங்கல். அதுவும் ஒரே வகை இல்லை, எது என்று தெரியாமல் மருந்து போடக் கூடாது. ஆல்கஹால் துடைத்ததும் போய்விட்டால் அது வெறும் எண்ணெய்ப் படலம், கவலையே வேண்டாம். நீங்கள் நகரும்போது கூடவே நகரும் வால் போன்ற ஒளிக்கோடுகள் தெரிந்தால், அதைத்தான் ஹாலோகிராம் என்பார்கள். ஒரே அச்சில் மட்டும் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளி பேட் போட்டு அழுத்தி ஓட்டினால் வரும். பரப்பு முழுக்கச் சீராக, சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், கரடான காம்பவுண்ட் தன் சொந்தத் தடத்தை விட்டுப் போயிருக்கிறது. கறுப்பில் இது பளிச்சென்று தெரியும், வெள்ளைக் காரில் இதே தவறு நடந்தால் யாருக்கும் தெரியாது. உங்களுடையது கடைசி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மென்மையான ஃபோம் பேட், மெல்லிய ஃபினிஷிங் பாலிஷ், டிஏ மெஷின். சுழல்வதோடு சேர்ந்து அசைந்தும் ஓடுகிற மெஷின் அது. அதனால் ஒரே இடத்தில் சூடு ஏற்றாது, ஹாலோகிராமும் விடாது. முதல் முறை செய்பவர் ரோட்டரியைத் தொடவே வேண்டாம்.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: மங்கலான பேனல் ஏதாவது சமீபத்தில் பெயிண்ட் அடிக்கப்பட்டதா? புதுப் பெயிண்டுக்குள் மாட்டிக்கொண்ட தின்னர் மெதுவாக வெளியேறும்போது பளபளப்பு தானாகவே இறங்கும். அப்படி இருந்தால் அது முழுக்கக் காயும்வரை பொறுத்திருந்துதான் பாலிஷ் போட வேண்டும்.

வேலைக்கு வருவோம். காரை நன்றாகக் கழுவிய பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட் மேல் தடவுங்கள். மணல் போல் நெருடினால் கிளே பார் (ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டுத் தேய்க்க வேண்டும், வழுக்குவதற்கான திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல். போர்வெல், டேங்கர் தண்ணீர் காய்ந்து விட்ட வெள்ளைப் புள்ளிகள் நம் ஊரில் இல்லாத கார் குறைவு. அது சுண்ணாம்பு உப்பு, அமிலத்துக்குக் கரையும். வெள்ளை வினிகரில் சம அளவு டிஸ்டில்ட் வாட்டர் கலந்து ஒரு நிமிடம் நனைத்து வைத்து, நன்றாக அலசிவிடுங்கள். அதற்கும் போகாதது பெரும்பாலும் பெயிண்டை அரித்துவிட்டது என்று அர்த்தம், பாலிஷில்தான் போகும்.

ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், பேனல் விளிம்புகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பிலும் மடிப்புக் கோடுகளிலும் கிளியர் கோட் மெலிசாக இருக்கும், பாலிஷில் நிறம் வெளியே வந்துவிடுவது அங்கேதான். நிழலில், கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் பேனலில் தொடங்குங்கள்.

முழுக் காரையும் ஆரம்பிக்காதீர்கள். பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் எடுத்து, முதலில் ஃபினிஷிங் பாலிஷையே மென்மையான பேடில் போட்டுப் பாருங்கள். பட்டாணி அளவு நாலு சொட்டு போதும். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு 4 அல்லது 5-ஆம் எண்ணுக்கு ஏற்றி, விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் மெதுவாக, இடம் வலமாக ஒரு முறை, மேலும் கீழுமாக ஒரு முறை, இதையே திரும்பவும். பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடு சுழல்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும், நின்றுவிட்டால் அதிகமாக அழுத்துகிறீர்கள். துடைத்து, ஆல்கஹால் போட்டு, டார்ச் அடியுங்கள். கீறல் போய்விட்டால் அதோடு முழுக் காரையும் முடியுங்கள். போகாவிட்டால் மட்டும் காம்பவுண்டுக்குப் போங்கள், அதற்குப் பிறகு ஃபினிஷிங்கைக் கட்டாயம் திரும்பச் செய்யுங்கள். உங்கள் காரில் விட்டுப்போனது இந்தக் கடைசிப் படிதான்.

ஒரே பேடோடு முழுக் காரைச் செய்வது நடக்காது. பேட் நிறையச் சுரண்டிய பெயிண்ட் சேர்ந்துவிட்டால் அதுவே புதுக் கீறல் போடும். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பிரஷ்ஷால் தட்டுங்கள், மாற்றுப் பேடுகள் மூன்று நான்காவது வைத்துக்கொள்ளுங்கள். நகம் மாட்டுகிற கீறலைத் துரத்தவும் வேண்டாம். அதன் ஆழம் வரை இறக்கினால் கிளியர் கோட்டே மிஞ்சாது. லேசாக மழுங்கடித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்வதற்கு முன்னால், அந்தக் கீறல்கள் எதனால் வருகின்றனவோ அதை நிறுத்த வேண்டும். நம் அபார்ட்மெண்ட்களில் தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியுமாக வரிசையாக இருபது கார் துடைக்கிறார்களே, அதுதான். மெட்ரோ வேலை, கட்டட வேலைத் தூசி எல்லாம் பெயிண்ட் மேல் உட்கார்ந்திருக்க, அதன் மேலேயே துணி போகிறது. எங்கள் பார்க்கிங்கில் துடைப்பவர் தர்மபுரிக்காரர். “அண்ணே, என் வண்டியை மட்டும் தினமும் துடைக்காதீங்க, வாரத்துக்கு ஒரு தடவை நிறைய தண்ணி ஊத்திக் கழுவுங்க, அதே பணம் தர்றேன்” என்றேன். “துடைக்கலைன்னா வேலை செய்யலைன்னு அசோசியேஷன்ல எழுதிடுவாங்க சார்” என்றார். அவர் சொன்னது நியாயம். அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் நானே எழுதிப் போட்டேன், அவருக்குத் தனியாக மைக்ரோஃபைபர் துணிகளும் இரண்டு வாளியும் வாங்கிக் கொடுத்தேன். அவர் கை ரொம்பப் பதமான கை, பழுதெல்லாம் அந்தத் துணியில்தான் இருந்தது.

சாமான்களுக்கு, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு போய்ப் பார்க்கலாம், ஆனால் ‘ரப்பிங் காம்பவுண்ட்’ என்று பொதுவாகக் கேட்டால் கரடானதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ‘ஃபினிஷிங் பாலிஷ்’ என்று சொல்லிக் கேளுங்கள். செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் பூசும் பாதுகாப்புப் படலம்) போடும் எண்ணமிருந்தால் இந்த வேலை முடிந்து, ஆல்கஹால் துடைத்த பிறகு போடுங்கள். கீறலுக்கு மேல் போட்டால் கீறல் அப்படியே உள்ளே தெரியும். தண்ணீர் உருண்டு ஓடவும் கழுவுவது சுலபமாகவும் அது உதவும், தூசி மேல் காய்ந்த துணி போட்டுத் தேய்த்தால் செராமிக்கும் கீறத்தான் செய்யும்.